புகைப்பட நிலையம்

வெள்ளைக் குடையைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கியபோது பக்கெட்டில் பரவிய நிறம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. மழைக்குப் பிடிக்கிற குடை அல்ல அது. ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் விளக்குக்கு எதிரே விரித்துவைப்பது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, ஆளின் முகத்தில் முரட்டுத்தனம் இல்லாமல் விழும். நாங்கள் வாங்கியபோது அது நல்ல சந்தன நிறத்தில் இருந்தது. அப்படியே தயாரித்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணி ஓர் ஓரத்தை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் பளீரென்று வெளுத்தது. “இன்னாம்மா இது, வெள்ளைக் குடையா!” என்றார். உடனே பக்கெட்டில் போட்டோம். தண்ணீர் முதலில் டீ நிறமானது, பிறகு கருப்பட்டிக் காப்பி நிறமானது. கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தால் அதுவும் சிவந்தது. குழாயடி முழுவதும் அணைந்த சிகரெட்டின் வாடை. ஒரு மனிதர் வருடக்கணக்கில் ஊதிய புகையை நாங்கள் அன்று சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த மனிதரைச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டூடியோக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். உத்திரமேரூர் பஜாரில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவருடைய கடை. தொண்ணூறுகளின் கடைசிவரை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டுமென்றால், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோவை அவரிடம்தான் எடுப்பார்கள். மற்ற ஊர்களில் எடுத்த படத்தில் பெண் பயந்தவள்போல இருப்பாள். இவர் எடுத்த படத்தில் அப்போதுதான் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவள்போல இருப்பாள். காதில் போட்ட ஜிமிக்கியைச் சுற்றிக்கூட ஒரு சிறு ஒளி வட்டம் நிற்கும். “அவரு கைராசி” என்பார்கள். தூசி வரும் என்று கதவை அடைத்துவைத்துக்கொண்டுதான் அவர் படம் எடுப்பார். ஒரு கையின் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருக்க, மறு கையால் மணப்பெண்ணின் மோவாயை லேசாக நிமிர்த்திவிட்டுப் பின்னால் போவார். சாம்பல் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதில் பெண்களுக்குக் கேமராவைப் பற்றிய பயம் மறந்துபோகும். அதுவும் அவர் தொழில் நுட்பமோ என்னவோ.

நாங்கள் பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தை ஒட்டிய காலனிக்காரர்கள். அப்பா, அம்மா இருவரும் மற்றவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டும் அறுத்தும் எங்களை வளர்த்தவர்கள். அண்ணன் படித்துப் பஸ் கண்டக்டரானார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணிக்கு என் வயதுதான். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தவர். மெஷினிலிருந்து வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிறம் கெட்டதை ஒதுக்குகிற வேலை. நான் பெண்களுக்கென்று செங்கல்பட்டில் நடந்த ஒரு பயிற்சியில் கேமரா பிடிக்கக் கற்றிருந்தேன். படம் எடுக்க நான், வெளிச்சம் வைக்கவும் பிரிண்டைச் சரிபார்க்கவும் அவர். இரண்டு பேருமாக ஒரு ஸ்டூடியோ வைத்தால் என்ன என்று நாங்கள் பேசத் தொடங்கியபோது அண்ணன் சிரித்தார். “நாத்தனாரும் அண்ணியும் ஒரே கடையில குந்துனீங்கன்னா ஊருக்கே பேஜாராயிடும். சண்டைய வெலக்க நான் பஸ்ஸ வுட்டுட்டு வரணும்.” அவர் சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை.

ஸ்டூடியோக்காரருக்கு நெஞ்சில் கோளாறு. டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டதால் கடையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்தில் மகள் வீட்டோடு தங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் போய்க் கேட்டோம். வேறு ஆட்களும் கேட்டிருந்தார்கள். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் கையில் கேமராவைக் கொடுத்து, “எங்க, புடி பாக்கலாம்” என்றார். நான் பிடித்த விதம் பிடித்திருக்க வேண்டும். இரண்டு கேமராக்கள், இரண்டுக்கும் ஒரே மாதிரி லென்ஸ், ஃப்ளாஷ் விளக்குகள், குடைகள், பாஸ்போர்ட் படம் போடுகிற என்லார்ஜர், அன்னம் மிதக்கும் குளம் வரைந்த திரை என்று எல்லாவற்றையும் எங்களுக்கே விலைக்குக் கொடுத்துவிட்டார். கட்டடக்காரர்தான், காலனி ஆட்களுக்கா கடையை விடுவது என்று இழுத்தார். ஸ்டூடியோக்காரர் புகையை ஊதிவிட்டுச் சொன்னார்: “நான் குடுக்கறது என் ஸ்டூடியோவ. உன் வூட்டுப் பொண்ண இல்ல. சாவியக் குடு.” கட்டடக்காரர் சாவியைக் கொடுத்தார். இதற்காகவே நாங்கள் அந்த மனிதருக்குக் கடமைப்பட்டவர்கள். பின்னால் நடந்ததையெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பெட்டிகளைத் திறந்தபோது வந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கேமராவின் மேல் விரலை வைத்து இழுத்தால் கோடு விழுந்தது. விரலில் பிசுக்கு ஒட்டியது. சும்மா தூசி என்றால் ஊதினால் போய்விடும். இது அடுப்பு மேலே பரணில் படிகிற எண்ணெய்ப் பிசுக்குபோல, தூசியையும் சேர்த்துப் பிடித்துவைத்திருந்தது. அண்ணிக்கு லேபில் கற்ற ஒரு பாடம் உண்டு: கண்ணாடியை ஒருநாளும் உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, தூசியே கீறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் காது கழுவுகிற ரப்பர் பல்பு ஒன்றை வாங்கிவந்து முதலில் காற்றடித்தோம். பிறகு பலமுறை துவைத்து நைந்த மல் துணியில் மருந்து ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தோம். பிசுக்குப் போனது, ஆனால் கண்ணாடி மேல் வானவில்போல ஒரு படலம் நின்றது. அந்த ஸ்பிரிட்டில் வேறு ஏதோ கலந்திருந்தது. அண்ணி பழைய லேபுக்குப் போய், அங்கே லென்ஸ் துடைக்க வைத்திருக்கும் சுத்தமான திரவத்தைக் கேட்டு ஒரு சிறு பாட்டிலில் வாங்கிவந்தார். திரவத்தைக் கண்ணாடியில் விடக் கூடாது, துணியில்தான் விட வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வர வேண்டும். ஒரு முறை துடைத்த துணியின் பக்கத்தை மறுபடி வைக்கக் கூடாது. இதையெல்லாம் நாங்கள் ஒவ்வொரு தப்பாகச் செய்துதான் கண்டுபிடித்தோம். வேகத்தில் அண்ணி லென்ஸைச் சுற்றியிருந்த வெள்ளை எண்களையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். எட்டு பாதியாகிப் பூஜ்யமானது. பிறகு உட்கார்ந்து, ஊசி முனையில் வெள்ளை பெயின்ட் தொட்டு அந்த எண்களைத் திரும்ப எழுதினார். அச்சடித்ததைவிட அழகாக இருந்தது.

என்லார்ஜரின் துருத்தி மடிப்புகளில் குச்சியில் துணி சுற்றித் துடைத்தோம். துடைத்ததை வெயிலில் வைக்காமல் நிழலில் ஆறவிட்டோம். வெயிலில் வைத்தால் மடிப்பு வெடித்துவிடும். வாடை போவதற்கு அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து, தகரப் பெட்டிக்குள் கேமராவோடு வைத்து மூடினோம். கரி மெதுவாகத்தான் வாடையை இழுத்தது. திரையில் இருந்த அன்னம் மட்டும் எதற்கும் மசியவில்லை; தண்ணீர் பட்டால் குளமே கரைந்தது. அதைச் சுருட்டி அண்ணன் வீட்டுக் கோழிக் கூண்டின் மேல் போட்டோம். லென்ஸின் உள்பக்கமும் மங்கலாக இருந்ததால் அதைச் சென்னையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார். உள்ளே பனி விழுந்த ஜன்னல்போல இருந்தது. “பயப்படாதீங்க, பூஞ்சை இல்ல. பூஞ்சைன்னா கண்ணாடியையே தின்னுடும். இது வெறும் பொகை” என்று சொல்லிக் கழற்றித் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. அன்றைக்கு ஒரு லென்ஸைத்தான் அவரால் செய்துதர முடிந்தது. இன்னொன்றைப் பிறகு கொண்டுவரச் சொன்னார்.

இப்படிக் கழுவித் துடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவைத் திறந்துவைத்து ஸ்டூடியோவைத் தொடங்கினோம். பெண்கள் தயங்காமல் வந்தார்கள். பெருநகரில் எங்கள் அம்மா நாற்று நட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர், தன் மகள் கல்யாணத்துக்கு எங்களைப் படம் எடுக்கச் சொன்னார். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக் கூடத்துக்குள் எங்கள் தெருவிலிருந்து யாரும் வேலைக்காரராக அல்லாமல் போனதில்லை. அம்மா இதைக் கேட்டு, என்னை ஒரு நல்ல புடவை வாங்கிக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்குள் இடி விழுந்தது. வரன் பார்க்கப் படம் எடுத்துப்போன ஒரு பெண்ணின் தாய், மறுநாளே படத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். “இன்னாமா எடுத்துக்கீற? பரு ஒண்ணொண்ணும் எண்ணலாம் போல கீது. பழைய ஆளு எடுத்த எங்க பெரியவ போட்டோவப் பாரு, சாமி செலயாட்டம் கீறா. அதே கேமராதான? அதையும் கெடுத்துட்டீங்களா?” நான் படத்தைப் பார்த்தேன். குறையே இல்லை. ஒவ்வொரு இமை மயிரும் தெரிந்தது. அதுதான் குறை. அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், பொம்பளைங்க கையில் போய் நல்ல கேமரா வீணாய்ப் போச்சு என்ற பேச்சு கிளம்பியது. கல்யாண வீட்டுக்காரர் ஆள் அனுப்பி, காஞ்சிபுரத்திலிருந்து வேறு போட்டோகிராபரைப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். அண்ணி வேறு மாதிரி யோசித்தார். ஸ்டூடியோக்காரர் விட்டுப்போன ஷோகேஸ் படங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, இன்னும் சுத்தம் செய்யாத இரண்டாவது லென்ஸை மாட்டச் சொல்லி, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். அதே இடம், அதே விளக்கு, சுத்தம் செய்த லென்ஸில் இன்னொரு படம். சென்னை லேபிலிருந்து பிரிண்ட் வந்தபோது இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் நான் நானாக இருந்தேன், மூக்குக்குப் பக்கத்து அம்மைத் தழும்போடு. மற்றதில் நான் ஒரு மணப்பெண். தழும்பைக் காணோம். தோட்டைச் சுற்றி அந்த ஒளி வட்டம். சுற்றுவட்டாரமே கைராசி என்று கொண்டாடியது, லென்ஸில் படிந்த சிகரெட் புகை!

நான் சிரித்தேன். உடனே எனக்கு வேறு யோசனை போயிற்று. “அப்ப அந்த லென்ஸ தொடைக்காமலே வெச்சிக்கலாம் அண்ணி. கேக்கறவங்களுக்கு அதுல எடுத்துக் குடுப்போம்” என்றேன். அண்ணி மறுத்துத் தலையை ஆட்டினார். “மங்கலா வோணும்னா அதுக்குன்னு ஃபில்டர் விக்குது, வாங்கி முன்னாடி மாட்டிக்கலாம். வோணாம்னா கயட்டிடலாம். ஆனா அது நாம போடறதா இருக்கணும்மா. தானா வந்து குந்திக்கினு, நாமளே போவச் சொன்னாலும் போவாததா இருக்கக் கூடாது.” இவ்வளவு வருடத் தொழிலில் இதைவிடத் தெளிவான பேச்சை நான் கேட்டதில்லை.

ஊர்ப்பேச்சு காஞ்சிபுரம்வரை போயிருக்கிறது. ஒரு நாள் காலை பஸ்ஸில் ஸ்டூடியோக்காரரே வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். படியேறும்போது மூச்சு வாங்கியது, கோபமும் இருந்தது. “இன்னாமா பண்ணீங்க என் கேமராவ? ஊரே சிரிக்குதாமே” என்றார். சாவி வாங்கிக்கொடுத்த மனிதர். அவரிடம் போய், உங்கள் பேரெல்லாம் புகையால் வந்தது என்று எப்படிச் சொல்வது? “எங்களுக்குத்தான் சார் இன்னும் பழக்கம் பத்தல” என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் அண்ணி அந்த இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்துவிட்டார். “ரெண்டும் உங்க கேமராதான் சார். ரெண்டும் ஒரே லைட்டு. இதுல லென்ஸ் தொடைச்சது, இதுல தொடைக்காதது” என்றார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு லென்ஸ்களையும் வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய், அதன் இடத்தில் எதுவும் வராமல் வெறுமையாக இருந்த அந்தச் சிறிது நேரம் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை. “இந்தச் சுத்து வெளிச்சம் கீதே,” என்று படத்தில் தோடு இருக்கும் இடத்தை விரலால் தொட்டார், “இது நான் வெச்ச லைட்டால வருதுன்னே நெனச்சிக்கினு இருந்தேம்மா. அத்த ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு கூட நெனச்சேன்.” அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் தணிய நேரமானது. தணிந்ததும், சுத்தம் செய்த லென்ஸ் இருந்த கேமராவைக் கேட்டு வாங்கி அண்ணியை ஒரு படம் எடுத்தார். எடுக்கும்போது அவர் கண் அதிலிருந்து விலகவே இல்லை. “எவ்ளோ தெளிவா கீது” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அதோடு அவர் பஸ் பிடித்துப் போயிருக்கலாம். எங்களைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. கைராசி என்ற பேர் அவர் காலம்வரை அப்படியே இருந்திருக்கும். கேமராவைக் கெடுத்த பழி எங்களோடு நின்றிருக்கும். அவரோ நேரே டீக்கடைக்குப் போனார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பின்னாலேயே போனேன். பழகிய முகத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் இடம் விட்டார்கள். ஒருவர், “இன்னா சார், உங்க கேமராவ இந்தப் பொண்ணுங்க...” என்று தொடங்கினார். “அவங்க கெடுக்கலய்யா,” என்றார் ஸ்டூடியோக்காரர், கடைக்கு வெளியேயும் கேட்கும்படி. “கெடுத்து வெச்சிருந்தவன் நான். இத்தினி வருசம் நான் ஊதுனதெல்லாம் கண்ணாடிக்குள்ள பூந்துக்கினு இருந்துது. அந்தப் பொகைதான் உங்க வூட்டுப் பொண்ணுங்க மூஞ்சில பளபளன்னு நின்னது. இவங்க கஷ்டப்பட்டுத் தொடைச்சிக்கீறாங்க.” எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “அதான் போர்டுலயே புகைப்பட நிலையம்னு எழுதி வெச்சிருந்தேனே. ஒருத்தனாவது கவனிச்சீங்களா?” கடையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு மனிதர் தன் பேரைத் தானே கழற்றிவைத்துவிட்டு இவ்வளவு லேசாகச் சிரிப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு பெருநகருக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. கல்யாண வேலை எங்களிடமே இருந்தது. அண்ணி சொன்ன ஃபில்டரையும் வாங்கினோம். மணப்பெண்ணை உட்காரவைத்து, அதைப் போட்டும் போடாமலும் எடுத்து, எது வேண்டும் என்று அவளையே கேட்டோம். அவள் இரண்டிலும் ஒவ்வொன்று கேட்டாள். அன்றுமுதல் இன்றுவரை எங்கள் வழக்கம் அதுதான்.

இப்போது ஃபிலிம் இல்லை, என்லார்ஜர் இல்லை. முகத்தை மழமழப்பாக்குகிற வேலையைப் போனே செய்துவிடுகிறது. அதைப் பற்றி அண்ணிக்கும் எனக்கும் எந்த வருத்தமும் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு அவ்வளவே செய்கிறோம். பஜாரில் எங்கள் பெயரில் இரண்டாவது கடையும் இருக்கிறது. அண்ணன் சொன்ன சண்டை வராமல் இல்லை, ஆனால் அதை விலக்க அவர் ஒருமுறையும் பஸ்ஸை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. அவரை நினைக்கும்போது எனக்கு டீக்கடை நினைவுக்கு வருவதில்லை, பெருநகர்க் கல்யாணம்தான் வருகிறது. அழைப்பு இல்லாமலே வந்திருந்தார். தாலி கட்டும் நேரத்தில் நான் கூட்டத்தை விலக்கி முன்னால் போக, அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே நாங்கள் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். விட்டுவிட்டதாக மகளிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. எங்களைப் பார்த்துத் திருட்டுத்தனமாகச் சிரித்தார். தீக்குச்சியை உரசப் போனவர், திறந்திருந்த கேமராவைக் கவனித்துவிட்டார். எழுந்து வயல் வரப்புப் பக்கம் நடந்தார். அங்கே நின்று, ஒரு துணுக்கு வைக்கோலைக் கிள்ளி மேலே போட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, நிதானமாகப் பற்றவைத்தார்.